தாளத்த விடுங்க சார், வாசல் எங்க இருக்குன்னு எழுதுங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழம இணைப்புல நடுப்பக்கம் முழுக்க ராத்திரி பார்ட்டி கலாச்சாரம் பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க, அத பத்தி தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், வெட்டணும்னா வெட்டிக்கோங்க, ஆனா வெவரத்த எல்லாம் வெட்டிட்டு நான் உங்கள திட்டுன வரிய மட்டும் போட்ராதீங்க.

கட்டுரைல ஒரு பக்கம் லேசர் வெளிச்சத்துல கை தூக்கி ஆடுற கூட்டத்து போட்டோ, இன்னொரு பக்கம் ராத்திரி நேர ஃபார்முலா ஒன் ட்ராக்கோட போட்டோ, ரெண்டுக்கும் சேத்து ஒரே தலைப்பு, ஒரே திட்டு. சத்தம், சரக்கு, போதை மாத்திரை, அரைகுறை துணி, பணத்திமிருன்னு எல்லாத்தையும் ஒரே மூட்டைல கட்டி தூக்கி போட்டாச்சு. படிக்க சூடா தான் இருந்துச்சு. ஆனா சார், நான் பதினெட்டு வயசுல இருந்து சவுண்ட் வேல பாக்குறவன், ஸ்பீக்கர் கட்டுறதுல ஆரம்பிச்சு இப்ப கூட்டத்துக்கு நடுவுல சத்தத்த கூட்டி கொறைக்கிற மிக்சர் முன்னாடி நின்னு வேல பாக்குறேன், டெக்னோ பார்ட்டிக்கும் பண்ணிருக்கேன், கார் ரேஸ் முடிஞ்சதும் நடக்குற கச்சேரிக்கும் பண்ணிருக்கேன். அந்த எடத்துல நிக்கிறவனுக்கு ஒரு சௌகரியம், மேடையும் தெரியும், கூட்டமும் தெரியும், செக்யூரிட்டி எங்க நிக்கிறான், எந்த கேட்டு பூட்டி இருக்குன்னும் தெரியும். அங்க இருந்து பாத்தா உங்க கட்டுரை கேக்காம விட்ட கேள்வி, அதாவது வந்த கூட்டம் பத்திரமா வெளிய போக வழி இருக்கான்னு, அது தான் முக்கியமான கேள்வியா தெரியுது.

மொதல்ல, ரேவும் ரேஸும் ஒண்ணு இல்ல சார். ரேவ்னா ராத்திரி பூரா மெஷின் தாளத்துக்கு ஆடுற பார்ட்டி. ரேவ் பார்ட்டி பணக்கார வீட்டு புள்ளைங்க கண்டுபிடிச்சது கெடையாது. 1977ல சிகாகோவுல வேர்ஹவுஸ்னு ஒரு கிளப்பு, ஃப்ராங்கி நக்கிள்ஸ்னு ஒரு டிஜே, வந்தவங்க பெரும்பாலும் கறுப்பின பசங்க, லத்தீன் பசங்க, வேற எங்கயும் உள்ள விடாத ஓரினச்சேர்க்கையாளர்கள். ஹவுஸ் மியூசிக்ங்கிற டான்ஸ் பாட்டு வளந்தது அங்க. டெக்னோ வந்தது டெட்ராய்ட்ல, ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன்னு ஒரே ஸ்கூல்ல படிச்ச மூணு பேர், எண்பதுகள்ல. டெட்ராய்ட் எதுக்கு பேர் போன ஊருன்னு சொல்ல வேண்டியதில்ல, கார் ஃபேக்டரிங்க ஒவ்வொண்ணா ஆள கொறச்சு ரோபோவ எறக்கிட்டு இருந்த நேரம் அது, ஊரே காலியாகிட்டு இருந்துச்சு, அங்க இருந்து தான் அந்த மெஷின் தாளம் வருது. காருக்கும் இந்த பாட்டுக்கும் சம்பந்தம் வேணும்னா அங்க தேடுங்க, ஷாம்பெயின் பாட்டில்ல தேடாதீங்க. அவங்க கைல இருந்த சாமானும் ஒசந்தது இல்ல. ரோலண்ட் கம்பெனியோட டிபி-303னு ஒரு சின்ன பெட்டி, கிட்டார் வாசிக்கிறவங்க தனியா ப்ராக்டீஸ் பண்றப்ப பேஸ், அதாவது கீழ் சத்தத்த, வாசிக்கட்டும்னு 1981ல விட்டாங்க, கேக்க பேஸ் கிட்டார் மாதிரியே இல்லன்னு யாரும் வாங்கல, 1984ல தயாரிப்பையே நிறுத்திட்டாங்க. அப்பறம் செகண்ட் ஹாண்ட்ல அடிமாட்டு வெலைக்கு வந்தத சிகாகோ பசங்க வாங்கி நாப்ப கண்டபடி திருகுனப்ப வந்த சத்தம் தான் ஆசிட் ஹவுஸ். இன்னிக்கு அந்த பழைய பெட்டி கெடச்சா நான்லாம் வாங்குற வெலைல இல்ல, அது வேற சோகம்.

அது இங்கிலாந்துக்கு போனது 1988ல. அங்க நடந்தத ஒரு பத்திரிகைக்கு எழுதுற லெட்டர்ல சொல்லாம விட மனசு வரல. தி சன் பத்திரிகை அந்த வருஷம் அக்டோபர்ல ஆசிட் ஹவுஸ் சூப்பர் ட்ரெண்டுன்னு ஸ்மைலி போட்ட டி-ஷர்ட்ட வாசகர்களுக்கு வித்துச்சு. அடுத்த வாரமே அதே பத்திரிகை இது பிசாசு, புள்ளைங்கள கொல்லுதுன்னு கெளம்பிருச்சு. நடுவுல என்ன மாறுச்சு? பாட்டு மாறல. நீங்களும் அப்படி தான்னு நான் சொல்லல சார், உங்க இணைப்புல அதே கட்டுரைக்கு அடுத்த பக்கத்துல ரிசார்ட்டு பார்ட்டி விளம்பரம் ஒண்ணு கலர்ல இருந்துச்சு, அத மட்டும் சொல்லிட்டு நகந்துக்கிறேன்.

1989ல லண்டன சுத்தி ஓடுற எம்25 ரோடு இருக்கே, 188 கிலோமீட்டர் வளையம், மூணு வருஷம் முன்னாடி தான் முழுசா தெறந்திருந்தாங்க, அந்த ரோட்ட வெச்சே ஒரு தலைமுறை பார்ட்டி நடத்துச்சு. டிக்கெட்ல எடம் போட்டிருக்காது, ஒரு ஃபோன் நம்பர் தான். ராத்திரி அந்த நம்பருக்கு அடிச்சா ரெக்கார்ட் பண்ண குரல் இந்த சர்வீஸ் ஸ்டேஷனுக்கு வான்னு சொல்லும், அங்க போனா நூத்துக்கணக்குல காரு, அடுத்த அறிவிப்பு வந்ததும் மொத்த காரும் வரிசையா கெளம்பி ஏதோ ஒரு விமானத் திடலுக்கோ குடோனுக்கோ போயி நிக்கும். போலீஸ் வர்றதுக்குள்ள ஆயிரக்கணக்குல ஆள் சேந்துட்டா கலைக்கிறது ரிஸ்க்குன்னு விட்ருவாங்க, அது தான் அவங்க கணக்கு. ஆர்பிடல்னா சுத்து வட்டம், அந்த பேருல இருக்குற பாட்டு குரூப்புக்கு பேரே அந்த ரோட்டுல இருந்து வந்தது தான். அரசாங்கம் சும்மா இருக்குமா, 1990ல லைசன்ஸ் இல்லாம நடத்துனா அபராதத்த 2,000 பவுண்டுல இருந்து 20,000 பவுண்டுக்கு ஏத்துனாங்க, ஆறு மாசம் ஜெயிலும் உண்டு. 1992 மே மாசம் காசில்மார்ட்டன்னு ஒரு பொது மேய்ச்சல் நெலத்துல இருபதாயிரம் பேருக்கு மேல கூடி ஒரு வாரம் போல ஆடுனாங்க. அதுக்கு பதிலடியா வந்தது தான் 1994 சட்டம்.

அந்த சட்டம் வந்தப்ப இருந்த வாசகத்த படிச்சு பாருங்க, சிரிப்பு வரும். தெறந்த வெளி, ராத்திரி நேரம், நூறு பேரோ அதுக்கு மேலயோ, ஸ்பீக்கர் வெச்ச பாட்டு, ஊர்க்காரங்களுக்கு தொல்லை, இது வரைக்கும் சரி. அதுக்கு மேல, திரும்ப திரும்ப வர்ற தாளம்னா அதுவும் பாட்டு கணக்குல சேரும்னு எழுதி வெச்சான் பாருங்க, ஒரு நாட்டோட பாராளுமன்றம் டம் டம்முக்கு சட்டம் போட்ட கதை அது. ஆனா அதே சட்டத்துல ஒரு வரி இருக்கு, லைசன்ஸ் வாங்கி நடத்துனா இது எதுவும் பொருந்தாது. அதே தாளம், அதே கூட்டம், அதே மூணு மணி, ஆனா லைசன்ஸ் இருந்தா கலாச்சாரம், இல்லன்னா குற்றம். லைசன்ஸ் வேணாம்னு நான் சொல்லல. லைசன்ஸ் வேணும், ஆனா அது காசு இருக்குறவனுக்கு மட்டும் கெடைக்கிற சாமானா இருக்க கூடாது, அதுல என்னென்ன கேக்கணுமோ அத கேக்கணும்.

ஏன்னா காசு இருந்தா என்ன நடக்கும்னு ரேஸ் பக்கம் பாத்தா தெரியும். 2008ல சிங்கப்பூர்ல மொத மொத ஃபார்முலா ஒன் ராத்திரி ரேஸ் நடந்துச்சு, ஊருக்கு நடுவுல ரோட்ட மூடி, ஆயிரத்துக்கு மேல விளக்கு போட்டு பகலாக்கி, ட்ராக்குக்கு உள்ளயே கச்சேரி மேடை. அடுத்த வருஷம் அபுதாபில சாயங்காலம் ஆரம்பிச்சு இருட்டுல முடியிற ரேஸு, அது முடிஞ்சதும் பெரிய பெரிய பாட்டு கச்சேரி. அப்பறம் பஹ்ரைன், ஜெட்டா, கத்தார்னு வரிசையா ராத்திரி ரேஸா வந்துருச்சு. 2023 நவம்பர்ல லாஸ் வேகாஸ், ரேஸ் ஆரம்பிச்சதே ராத்திரி பத்து மணிக்கு. ரேஸ் டிக்கெட்டுக்குள்ளயே கச்சேரி சேத்து விக்கிறாங்க, ரேஸ் ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சுரும், மிச்ச ராத்திரிக்கு ஜனத்த உள்ளயே வெச்சிருக்கணும்ல. மொனாக்கோவுல கப்பல்ல நடக்குற பார்ட்டி, அம்பர் லவுஞ்சு மாதிரி விருந்து, அதெல்லாம் கெஸ்ட் லிஸ்ட் சமாச்சாரம், நம்மள மாதிரி ஆளுங்க வேலைக்கு போனா உள்ள விடுவாங்க, அதுவும் பின்வாசல் வழியா.

வேகாஸ்ல மொத நாள் என்ன ஆச்சு தெரியுமா? மொத ப்ராக்டீஸ் ஆரம்பிச்ச பத்து நிமிஷத்துக்குள்ள ரோட்டுல இருந்த தண்ணி வால்வு மூடி ஒண்ணு பேந்து கார்லோஸ் சைன்ஸோட ஃபெராரிய அடில கிழிச்சிருச்சு. ட்ராக்க முழுக்க செக் பண்ணி ரெண்டாவது ப்ராக்டீஸ் ஆரம்பிக்கிறப்ப விடியக்காலம் ரெண்டரை மணி. அதுக்குள்ள ஒன்றரை மணிக்கு டிக்கெட் வாங்கி குளிருல உக்காந்திருந்த ஜனத்த எல்லாம் வெளிய போங்கன்னு அனுப்பிட்டாங்க, செக்யூரிட்டி ஆளுங்க ஷிப்டு முடிஞ்சதும் ஒரு காரணம். காரு ஓடுச்சு, ஸ்டாண்டு காலி. அந்த ஒரு நாளுக்கு மட்டும் டிக்கெட் எடுத்தவங்களுக்கு 200 டாலர் கூப்பன், அதுவும் அவங்க கடைலயே டி-ஷர்ட் தொப்பி வாங்கிக்க. இதையே ஒரு ரேவ் நடத்துறவன் பண்ணிருந்தா மறுநாள் எல்லா பேப்பர்லயும் மோசடி கும்பல்னு வந்திருக்கும். சைன்ஸுக்கு பத்து எடம் பின்னாடி தள்ளி பெனால்டி வேற குடுத்தாங்க, மூடி பேந்ததுக்கு அவன் என்ன பண்ணுவான் பாவம்.

இதே லாஸ் வேகாஸ்ல தான் எலக்ட்ரிக் டெய்சி கார்னிவலும் நடக்குது, 2011ல இருந்து, எங்கன்னு நெனைக்கிறீங்க, மோட்டார் ஸ்பீட்வேல, அதாவது கார் ரேஸ் ட்ராக்குல. மூணு ராத்திரி, ஒரு ராத்திரிக்கு ஒரு லட்சத்துக்கு மேல ஆளு, பொழுது சாஞ்சதுல இருந்து விடியிற வரைக்கும். ஏன் ட்ராக்குல நடத்துறாங்கன்னா, எங்க தொழில்ல இருக்குறவன் யாரும் ஒரு நிமிஷத்துல சொல்லிருவான்: ரேஸ் ட்ராக்குங்கிறது பெரிய கூட்டத்துக்குன்னே கட்டுன எடம். அகலமான கேட்டு, ஆம்புலன்ஸ் போக தனி ரோடு, கார் நிறுத்த எடம், தண்ணி லைனு, கக்கூஸு, கரண்டு. கூட்டம் வந்துட்டு கூட்டம் போறதுக்கு வழி இருக்கு. உங்க கட்டுரைல ரேவும் ரேஸும் ஒண்ணு சேர்ற எடம்னு நீங்க காட்ட வேண்டியது இத தான், கெட்டு போறதுல ஒண்ணு சேருதுன்னு எழுதிட்டீங்க. கார்ல் காக்ஸுன்னு ஒரு டிஜே, ரேவ் ஆரம்ப காலத்து ஆளு, ஸ்பெயினோட இபிசா தீவுல ஸ்பேஸ்ங்கிற கிளப்புல 2016 வரைக்கும் பதினஞ்சு வருஷம் போல வாசிச்சவரு, அவரு சொந்தமா மோட்டார் ரேஸ் டீம் வெச்சிருக்காரு, 2023ல எக்ஸ்ட்ரீம் ஈங்கிற கரண்டு கார் ரேஸ்ல எறக்குனாரு. ரெண்டு உலகத்துலயும் கால் வெச்ச மனுஷன் ஒருத்தர் இருக்குறப்ப கட்டுரைல அவரு பேர கூட காணோம்.

ரேஸ் பாக்க வர்றவங்க எல்லாம் கோட்டு சூட்டு போட்ட ஆளுங்கன்னு நெனைச்சுராதீங்க. லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸு 1923ல ஆரம்பிச்சது, ராத்திரி முழுக்க காரு ஓடும், வெளிய கூடாரம் போட்டு ஜனம் படுத்திருக்கும், ராட்டினம் சுத்தும், பாட்டு ஓடும், எவனும் தூங்குறதில்ல. இத்தாலில முஜெல்லோல பைக் ரேஸ் நடக்குறப்ப முஜெல்லோல தூக்கம் கெடையாதுன்னு அந்த ஊர்க்காரங்க பெருமையாவே சொல்லுவாங்க, கேம்ப்ல ராத்திரி பூரா எஞ்சின முறுக்கி விட்டு, மரம் அறுக்குற மெஷின எல்லாம் ஓட்டி, ஸ்பீக்கர் வெச்சு ஆடுவாங்க. அதுல கெஸ்ட் லிஸ்டும் இல்ல ஒண்ணும் இல்ல. ரேவோட குணம் அங்க தான் இருக்கு, கப்பல் பார்ட்டில இல்ல.

சரி, வாசலுக்கு வர்றேன். 1989ல பெர்லின்ல டாக்டர் மோட்டேன்னு ஒரு டிஜே 150 பேர கூட்டிக்கிட்டு ஒரு வண்டில ஸ்பீக்கர் வெச்சு ஊர்வலம் போனாரு, லவ் பரேட்னு பேரு, அரசியல் ஊர்வலம்னு சொல்லி தான் அனுமதி வாங்குனாரு. பத்து வருஷத்துல அது பத்து லட்சம் பேர் கூடுற விஷயமா ஆயிருச்சு. 2010 ஜூலை 24, அதே லவ் பரேட் நடந்தது டூயிஸ்பர்க்ங்கிற இன்னொரு ஜெர்மன் ஊருல, பழைய சரக்கு ரயில் நிலைய எடம், சுத்தி வேலி. உள்ள போறதுக்கும் வெளிய வர்றதுக்கும் ஒரே வழி, ஒரு சொரங்கப்பாதை வழியா வந்து ஒரு சாய்தளத்துல ஏறணும். ரெண்டு பக்கமும் கூட்டம் முட்டுச்சு. 21 பேர் செத்து போனாங்க, நூத்துக்கணக்குல அடிபட்டாங்க. அவங்கள கொன்னது மாத்திரை இல்ல, டெக்னோ இல்ல, ஆபாசம் இல்ல. கூட்டத்துல மூச்சு முட்டி செத்தாங்க. வாசல் கணக்கு தப்பு. வருஷக்கணக்கா கேஸ் நடந்து 2020ல தீர்ப்பே இல்லாம முடிச்சு வெச்சுட்டாங்க. அதோட லவ் பரேடும் போச்சு.

ரேஸ் பக்கமும் இதே கதை உண்டு. 1955 லெ மான்ஸ்ல ஒரு மெர்சிடஸ் பறந்து கூட்டத்துக்குள்ள விழுந்து எண்பது பேருக்கு மேல செத்தாங்க. அப்பவும் ரேஸ நிறுத்தல, நிறுத்துனா மொத்த ஜனமும் ஒரே நேரத்துல கெளம்பி ரோடு அடச்சு ஆம்புலன்ஸ் போக முடியாதுன்னு காரணம் சொன்னாங்க. அந்த முடிவு சரியா தப்பான்னு இன்னிக்கும் சண்ட போடுவாங்க, ஆனா அவங்க மனசுல ஓடுனது என்னன்னு பாருங்க, வெளிய போற வழி. அந்த விபத்துக்கு அப்பறம் ஸ்விட்சர்லாந்து சர்க்யூட் ரேஸையே தடை பண்ணிருச்சு, மத்த ஊர்ல எல்லாம் ட்ராக்க மாத்தி கட்டுனாங்க, தடுப்பு போட்டாங்க, ஜனத்த தள்ளி உக்கார வெச்சாங்க. ஸ்விட்சர்லாந்துல திரும்ப ஒரு சர்க்யூட் ரேஸ், ஃபார்முலா ஈங்கிற கரண்டு கார் ரேஸு, நடக்க 2018 ஆச்சு. இன்னிக்கு ரேஸ் பாக்க போறவன் பத்திரமா வீட்டுக்கு வர்றான்னா மாத்தி கட்டுனவங்களால தான்.

இப்ப நான் தெனம் பாக்குற விஷயம், சத்தம். உங்க கட்டுரை காத கிழிக்கும் சத்தம்னு ஒரு வார்த்தையோட விட்ருச்சு. அதுல தான் சார் எழுதுறதுக்கு எவ்வளவோ இருக்கு. 2022ல உலக சுகாதார நிறுவனம் கிளப்பு, கச்சேரி மாதிரி எடங்களுக்கு ஒரு தரம் வெளியிட்டாங்க. சராசரி 100 டெசிபலுக்கு மேல போக கூடாது, அத லைவா மீட்டர் வெச்சு பாத்துக்கிட்டே இருக்கணும், வர்றவங்களுக்கு காது அடைப்பான் கெடைக்கணும், சத்தம் இல்லாம உக்கார ஒரு எடம் வேணும், வேல பாக்குறவங்களுக்கு ட்ரெயினிங் வேணும். எழுதுனது என்னமோ நல்லா தான் இருக்கு. நடைமுறைல மீட்டர் என் லேப்டாப்ல ஓடும், பச்சையா இருக்கும், மஞ்சள் ஆகும், ராத்திரி ஒரு மணிக்கு பெரிய டிஜே ஏறுனதும் அவரு மிக்சர்லயே எல்லா நாப்பையும் செவப்புக்கு தள்ளிருவாரு, நடத்துறவரு எங்கிட்ட வந்து தோள்ல கை போட்டு இன்னும் கொஞ்சம் ஏத்து தம்பி கூட்டம் தூங்குதுன்னு சொல்லுவாரு. லிமிட்டர், அதாவது சத்தத்த ஒரு அளவுக்கு மேல போக விடாத கருவி, அத போட்டு பூட்டி வெச்சிருந்தா மட்டும் தான் நான் முடியாதுன்னு சொல்ல முடியும், இல்லன்னா அடுத்த வேலைக்கு என்ன கூப்பிட மாட்டாங்க. லிமிட்டர் சாவி யாரு கைல இருக்குங்கிறது ஒரு நல்ல நிருபர் கேக்க வேண்டிய கேள்வி.

அதுலயும் ஒரு திருட்டுத்தனம் இருக்கு, சொல்லிருறேன். சத்தத்த அளக்குறதுக்கு ஏ வெயிட்டிங்னு ஒரு மொற, சி வெயிட்டிங்னு ஒரு மொற. ஏ மொற மனுஷ காது கேக்குற மாதிரி அளக்கும், அதாவது கீழ் சத்தம், அந்த சப் ஸ்பீக்கர்ல வர்ற நெஞ்ச தள்ளுற பேஸ், அத ரொம்ப கொறச்சு தான் காட்டும். சி மொற அத அவ்வளவா கொறைக்காது. டெக்னோவோட உசுரே அந்த பேஸ் தான். அதனால மீட்டர்ல நம்பர் சட்டத்துக்குள்ள இருக்கும், ஆனா ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்குற வீட்டுல ஜன்னல் கண்ணாடி அதிரும். பேஸ் சத்தம் காத்துல கரையாம ரொம்ப தூரம் போகும், செவுத்தையும் தாண்டும். அந்த வீட்டுல இருக்குற பெரியவங்க ஃபோன் பண்ணி கத்துனா அதுல ஞாயம் இருக்கு, ஆனா நடத்துறவன் மீட்டர காட்டி பாத்துக்கோன்னுவான், ரெண்டு பேரும் உண்மை தான் சொல்றாங்க. சி மொறைலயும் அளக்கணும்னு லைசன்ஸ்ல ஒரு வரி போட்டா பாதி பிரச்சனை தீரும். சப் ஸ்பீக்கர்ல சிலத பின்னாடி திருப்பி வெச்சு டிலே, அதாவது சின்ன தாமதம், குடுத்து பின்பக்கம் போற சத்தத்த அமுக்கவும் முடியும், நாங்க பண்ணுவோம், ஆனா அதுக்கு ஸ்பீக்கர் ஜாஸ்தி வேணும், நடத்துறவரு பட்ஜெட் இல்லம்பாரு. மேல ட்ரோன் ஷோவுக்கு மட்டும் எங்க இருந்தோ பட்ஜெட் வந்துரும்.

ரேஸ் ட்ராக்குல இந்த கணக்கே வேற. 2014ல ஹைப்ரிட் எஞ்சின் வந்ததுல இருந்து ஃபார்முலா ஒன் கார் சத்தம் கொறஞ்சிருச்சுன்னு ரசிகர்களே சண்ட போட்டாங்க, சத்தம் கொறஞ்சா கோவப்படுற கூட்டத்த அங்க தான் பாக்கலாம். கொறஞ்சும் பக்கத்துல நின்னா காது அடைப்பான் இல்லாம நிக்க முடியாது. ஆனா ரேஸுக்கு வர்றவன் தன் சின்ன புள்ளைக்கும் ஹெட்ஃபோன் மாதிரி ஒண்ண மாட்டி தான் கூட்டிட்டு வர்றான், யாரும் சிரிக்கிறதில்ல. அதே ஆளு ரேஸ் முடிஞ்சு கச்சேரி மேடைக்கு வந்ததும் அத கழட்டி பைல போட்ருவான். பாட்டு சத்தம் காத ஒண்ணும் பண்ணாதுன்னு ஒரு நம்பிக்கை. என் கூட வேல பாத்த சீனியர் ஒருத்தருக்கு இப்ப ரெண்டு காதுலயும் எந்நேரமும் கொய்ங்னு ஒரே ரீங்காரம், ராத்திரி ரேடியோ ஓட விட்டா தான் தூக்கமே வரும்.

மாத்திரை பத்தி எழுதாம விட்டா நான் ஒளிக்கிறேன்னு சொல்லுவீங்க. இருக்கு. டெக்னோ பார்ட்டில எக்ஸ்டசின்னு ஒரு போதை மாத்திரை, கோட்டு சூட்டு பார்ட்டில வெள்ளை பொடி, சரக்கு ரெண்டுலயும். நான் எதையும் ஞாயப்படுத்தல. எக்ஸ்டசி ஒடம்பு சூட்ட ஏத்தும், மூடுன எடத்துல மணிக்கணக்கா ஆடுனா ஆளே போயிருவாங்க, அதுக்கு பயந்து அளவு தெரியாம தண்ணிய குடிச்சுக்கிட்டே இருந்தா ரத்தத்துல உப்பு கொறஞ்சு மூளை வீங்கி அப்படியும் செத்திருக்காங்க. இது தெரிஞ்ச ஆளு, ஒரு நர்சு, ஒரு டாக்டரு, குளிர்ச்சியா உக்கார ஒரு ரூமு, காசு வாங்காத குடிதண்ணி, இதெல்லாம் இருந்தா பாதி உசுரு பொழைக்கும். குழாய் தண்ணிய அடச்சு வெச்சுட்டு பாட்டில் தண்ணிய கொள்ளை வெலைக்கு விக்கிற எடங்கள நான் பாத்திருக்கேன், அது தான் சார் கிரிமினல் வேல. நெதர்லாந்துல 1992ல இருந்து அரசாங்கமே மாத்திரைய டெஸ்ட் பண்ணி பாத்து கலப்படம் இருந்தா எச்சரிக்கை விடுறாங்க, இங்கிலாந்துல லூப்னு ஒரு அமைப்பு 2016ல திருவிழா எடத்துலயே கூடாரம் போட்டு அத பண்ணுனாங்க. சரியா தப்பான்னு வாதம் பண்ணலாம், ஆனா அத பத்தி ஒரு வரியாச்சும் போட்டுட்டு வாதம் பண்ணுங்க.

இதெல்லாம் விட எனக்கு பயமா இருக்குறது விடியக்காலம் நாலு மணி. சாமான கட்டி வண்டில ஏத்திக்கிட்டு நாங்க கெளம்புற நேரம் தான் கடைசி கூட்டமும் கெளம்பும். ரேஸ் பாத்துட்டு வந்த பசங்க கைல ஸ்டீயரிங் வந்ததும் காலு பெடல்ல தானா அழுத்தும், தூக்கம் வேற, உள்ள சரக்கு வேற. பார்க்கிங் கேட்டுல ஒரு பையன் எஞ்சின உறும விடுறான், சுத்தி நிக்கிறவன் எல்லாம் ஃபோன்ல வீடியோ எடுக்குறான், செக்யூரிட்டி கைத்தட்டுறான், இத நான் நேர்ல நின்னு பாத்தேன். ஃபார்முலா ஒன்ல 2016ல இருந்து ஹைனகன் பீர் கம்பெனி ஸ்பான்சர், ட்ராக் ஓரத்துல பெருசா போர்டு, ஓட்டுறதா இருந்தா குடிக்காதன்னு விளம்பரம். நல்ல வாசகம், சொல்றது பீர் விக்கிறவன். அந்த போர்டு செலவுல கால்வாசிய விடியக்காலம் பஸ் விடுறதுக்கு போட்டா நான் கைத்தட்டுவேன். கடைசி ட்ரெயின் பன்னெண்டு மணிக்கு, பார்ட்டி முடியிறது நாலு மணிக்குன்னா நடுவுல அந்த கூட்டத்துக்கு என்ன வழின்னு லைசன்ஸ் குடுக்குறப்பவே கேக்கணும்.

2016ல ஜெர்மனில ஒரு கோர்ட்டு, பெர்லின்ல பெர்க்ஹைன்னு ஒரு டெக்னோ கிளப்பு நடத்துறது கச்சேரி மாதிரி கலை நிகழ்ச்சி தான், அதனால 19 சதவீத வரி இல்ல, கச்சேரிக்கு உண்டான 7 சதவீதம் போதும்னு தீர்ப்பு சொல்லிருச்சு. 2024ல ஜெர்மனி பெர்லின் டெக்னோவ யுனெஸ்கோ வழிமுறைப்படி வெச்சிருக்குற தேசிய கலாச்சார பட்டியல்லயே சேத்துருச்சு. உங்க கட்டுரை கலாச்சாரம் எங்க போகுதுன்னு கேட்டுச்சுல்ல, அதனால சொன்னேன்.

அடுத்த தடவ நிருபர அனுப்புனா ஆடுற பொண்ணு என்ன துணி போட்டிருக்குன்னு எழுதாம, எத்தன கேட்டு தெறந்திருக்கு, தண்ணி எங்க, மீட்டர் யாரு பாக்குறா, வீட்டுக்கு போக வண்டி இருக்கான்னு கேட்டு எழுத சொல்லுங்க, அது கப்பல் பார்ட்டியா இருந்தாலும் சரி, குடோன் பார்ட்டியா இருந்தாலும் சரி, ரேஸ் கம்பெனியோட கச்சேரியா இருந்தாலும் சரி. ரெண்டு மணி நேரம் ஒதுக்குனா மிக்சர் பக்கத்துலயே நிக்க வெச்சு எல்லாத்தையும் காட்டுறேன், காது அடைப்பானும் நானே தர்றேன்.

கடைசியா ஒரு திருத்தம், இத மட்டும் கண்டிப்பா போடுங்க. கட்டுரைல பெட்டி செய்தியா ஒரு எடத்துல 80 டெசிபலுக்கும் 100 டெசிபலுக்கும் கால் பங்கு தான் வித்தியாசம்ங்கிற அர்த்தத்துல போட்டிருந்தீங்க. தப்பு. டெசிபல்ல 10 ஏறுனா சத்தத்தோட சக்தி பத்து மடங்கு, 20 ஏறுனா நூறு மடங்கு. 85 டெசிபல்ல ஒருத்தன் எட்டு மணி நேரம் வேல பாக்கலாம்னு அமெரிக்காவோட தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் சொல்லுது, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும், அந்த கணக்குல 100 டெசிபலுக்கு காலு மணி நேரம் தான். ஸ்பீக்கர் முன்னாடி ராத்திரி பூரா நிக்கிற பசங்க உங்க பேப்பர பாத்துட்டு கால் பங்கு தானேன்னு நெனைச்சுர கூடாது.

இப்படிக்கு,
சவுண்ட் வேல பாக்குற ஒரு வாசகன்